வெள்ளைச் சட்டையைத் துவைப்பது யார்?

“நாளைக்குப் புது சீசன். அதுக்குள்ள செத்த கணக்கையெல்லாம் தூக்கிருடா,” என்றான் டாக்டர், ஸ்பீக்கரில். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். “டேய், நான் அத சொல்லல...”

“தெரியும்,” என்றான் அவன்.

மனைவி போய் எட்டு மாதம். எல்லோரும் அவனிடம் பாதி வாக்கியத்தில் நின்றார்கள். அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை என்பதுதான் உண்மை.

டாக்டர் வைத்தியன் அல்ல. செல்போன் பழுது பார்ப்பவன். இருவரும் ஒரு துப்பறியும் தொடருக்கு ரசிகர் குழு நடத்தினார்கள். நாற்பதாயிரம் பேர். ஆறு மாதம் வாய் திறக்காதவர்களை ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் நீக்குவது வழக்கம். நீக்கும் முன் ஆளை டேக் செய்து ஒரே கேள்வி: ‘இருக்கீங்களா?’

பத்து நிமிடத்தில் பதில் இல்லையென்றால் ஆளும் போவார். அவர் எழுதியது அத்தனையும் கூடவே அழியும்.

பட்டியலில் இருபத்தேழாவது பெயர்: பழைய குடை.

“குடை இன்னும் உள்ளதான் இருக்காரா? மொதல்ல அவர தூக்கு. மூணு வருஷமா நம்ம உசுர வாங்கின மனுஷன்.”

வாங்கியது உண்மைதான்.

கதாநாயகனின் மனைவிக்குக் குழுவில் ‘பிரேக்’ என்று பெயர். அவன் வைத்ததுதான். அவள் வாசலில் நின்று “போகாதீங்க” என்பாள், கதை நின்றுவிடும். அந்த ஒரு கேலிக்கு ஒன்பதாயிரம் லைக். அதன் பிறகு அவள் அழுதாலும் பிரேக், சிரித்தாலும் பிரேக். ‘அவள் செத்தால்தான் தொடர் உருப்படும்’ என்று ஆண்டுதோறும் வாக்கெடுப்பு வேறு.

அவள் பக்கம் ஒரே ஓட்டு விழும். குடையின் ஓட்டு. இந்த ஆண்டு அதுவும் இல்லை.

‘மூணு சீசனா ஒரே வெள்ளைச் சட்டை. சேத்துல விழறாரு, ரத்தத்துல உருள்றாரு. அடுத்த பகுதியில பளிச்னு வர்றாரு. துவைக்கிறது யாரு?’ என்று ஒருமுறை குடை கேட்டிருந்தார். எத்தனையாவது பகுதி, எத்தனையாவது நிமிடம் என்று கணக்கோடு. இவ்வளவு துல்லியமாகப் பேசுவது ஆணாகத்தான் இருக்கும் என்று குழு முடிவு கட்டிவிட்டது. பெண் பெயரில் யாராவது வாய் திறந்தால், ‘அக்கா, நீங்க போய் சமையல் நிகழ்ச்சி பாருங்க’ என்று பதில் வரும். அதைத் தொடங்கி வைத்ததும் அவன்தான்.

சட்டைக் கேள்விக்கு மட்டும் அவனிடம் பதில் இல்லை. அன்று சாப்பிடும்போது மனைவியிடம் வாசித்துக் காட்டிப் பொரிந்து தள்ளினான்.

“அப்புறம் நீங்க என்ன பதில் போட்டீங்க?” என்று கேட்டாள், தட்டைப் பார்த்தபடி. அவன் எழுதியிருந்த வசவில் இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்தியும் கொடுத்தாள்.

அவன் ‘இருக்கீங்களா?’ என்று அடித்து அனுப்பினான்.

படுக்கையறையில் ‘டிங்’ என்றது.

மனைவியின் போன். இருந்தவரை அதைச் சத்தமில்லாமல்தான் வைத்திருப்பாள். விஷயம் தெரியாத யாராவது அழைத்தால் சொல்ல வேண்டுமே என்று அவன்தான் பிறகு சத்தத்தைத் திறந்துவிட்டான். தன் போனுக்கு சார்ஜ் போடும்போது கை பழக்கத்தில் அதற்கும் போடும். யாரும் அழைக்கவில்லை. எப்போதாவது துணிக்கடைத் தள்ளுபடி வரும்.

“தூக்கிட்டியா?”

“பொறு.”

மறுபடி அனுப்பினான். ‘குடை, இருக்கீங்களா?’

டிங்.

எழுந்து போனான். அலமாரியில், அவள் சீப்புக்குப் பக்கத்தில், திரை இன்னும் அணையவில்லை. அதில் அவன் பெயர். அதன் கீழே அவன் கேள்வி, இரண்டு முறை.

கட்டிலில் உட்கார்ந்தான். எட்டு மாதத்தில் முதல்முறையாக அழப்போகிறோம் என்று நினைத்தான். வந்தது சிரிப்பு. என் வசவுக்கு எழுத்துப்பிழை பார்த்திருக்கிறாளே, பாவி. இரண்டும் கலந்து மூக்கு ஒழுகியது.

“என்னடா சத்தம்? ஆள் யாருன்னு தெரிஞ்சுதா?”

“என் பொண்டாட்டிடா.”

டாக்டரின் கடையில் ஏதோ திருகாணி உருண்டு விழும் ஓசை மட்டும் கேட்டது.

“டேய்,” என்றான் கடைசியில், “போட்ட ஓட்ட மாத்த முடியுமா?”

அவன் நீக்கல் பட்டியலில் இருந்து இருபத்தேழாவது பெயரை எடுத்தான். மூன்று வருடம் பின்னால் போய் அந்தச் சட்டைக் கேள்வியைத் தேடிப் பிடித்தான். அதன் கீழே, தன் பெயரிலேயே, எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினான்:

‘அவங்கதான் துவைச்சாங்க. நான் பார்க்கல.’

பழைய கேள்வி குழுவில் மறுபடி மேலே ஏறி வந்தது. இடது கையில் அவள் போன் டிங் என்றது.

கொஞ்ச நேரம் அதைப் பிடித்தபடியே இருந்தான். ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுபடி டிங்.

இந்த முறை அவன் எதையும் அனுப்பியிருக்கவில்லை.

‘குடை, வந்துட்டீங்களா! இவ்ளோ நாள் உங்க பின்னாடி நின்னு வாசிச்சிட்டு மட்டும் இருந்தேன். இனிமே நானும் பேசுறேன்.’

குழுவில் சேர்ந்து நான்கு வருடத்தில் ‘இருக்கேன்’ என்பதைத் தவிர ஒரு வரிகூட எழுதாத ஒரு பெண். சொந்தப் பெயரில் எழுதியிருந்தாள்.

அவன் படித்து முடிப்பதற்குள் இன்னொரு டிங்.