பதினோராவது முத்திரை

பெண்கள் பகுதியில் ஒரே ஒரு பெஞ்சு. அதில் அவள் மட்டும்.

முன்னால் விரித்து வைத்த வார இதழை அவள் படிக்கவில்லை. நூலகத்தின் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று பதினைந்தாம் நாள். அவர் வருவார்.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை, காலை பத்தரைக்கு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மஞ்சள் பையில் அந்தப் புத்தகத்தை எடுத்துவருவார். தேதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். பீரோவில் வைத்துப் பூட்டுவார்.

ஐந்து மாதமாக இது நடக்கிறது.

அவர் அவளுடைய கணவர். புத்தகம், மகள் எழுதியது.

புதுவரவு அடுக்கில் அது அரை நாள்தான் இருந்தது. யாரோ சொல்லி அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்று மதியமே ஓடிப்போய்த் தன் அட்டையில் எடுத்துவந்துவிட்டார்.

"நம்ம வீட்டு அடுப்படிய ஊருக்கே திறந்து வச்சிருக்கா."

மகள் தபாலில் அனுப்பிய பிரதி வாசலோடு திரும்பிப் போனது.

ஒரே ஒரு நாள், அவர் குளிக்கப் போனபோது சாவி பீரோவிலேயே தொங்கியது. புத்தகத்துக்குப் பழுப்புத் தாளில் உறை போட்டிருந்தார். ஓரத்தை விலக்கி அட்டையைப் பார்த்தாள்.

இளவேனில் கனகவல்லி.

மகளின் பெயரோடு அப்பாவின் பெயர் இல்லை. அம்மாவுடைய, அவளுடைய பெயர் இருந்தது.

முப்பத்திரண்டு வருடமாக அந்த வீட்டில் யாரும் கூப்பிடாத பெயர். அவர் "இந்தா" என்பார். மாமியார் இருந்தவரை "பெரியவளே." ரேஷன் அட்டையில் மட்டும் எப்படியோ பிழைத்துக் கிடந்தது.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. உறையைச் சரிசெய்து வைத்தாள். உள்ளே ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை கீரை வாங்கப் போகிறவள் போலக் கூடையோடு கிளம்பி இங்கே வந்தாள். நூலகர் தாஹிரா சின்னப் பெண். உறுப்பினர் விண்ணப்பத்தை நீட்டினாள். தந்தை அல்லது கணவர் பெயர் என்ற இடத்தில், இறந்துபோன தன் அப்பாவின் பெயரை அவள் எழுதினாள்.

முகவரியைப் பார்த்ததும் தாஹிரா நிமிர்ந்தாள்.

"அக்கா, இது சார் வீடுல்ல?"

"என் வீடுந்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது.

தாஹிரா கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு மேசைக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்து வைத்தாள். முன்பதிவு நோட்டு. வேறொருவர் ஒரு புத்தகத்தைக் கேட்டு இதில் எழுதிவிட்டால், வைத்திருப்பவர் மறுபடி தேதி வாங்க முடியாது. திருப்பித் தந்தே ஆக வேண்டும்.

"யாராச்சும் கேட்டாத்தானேக்கா நான் நிறுத்த முடியும்? இத்தன நாளா ஒருத்தரும் கேக்கல."

அவள் பேனாவை வாங்கினாள். தன் பெயரை முழுதாக எழுதினாள்.

புதன்கிழமை எதிர்வீட்டு ரமணி கீரை வாங்கப் போனாள். வியாழக்கிழமை மாடிவீட்டு ஜோஸ்பின் போனாள். இரண்டு கூடையும் காலியாகவே திரும்பின. முன்பதிவு நோட்டில் அவள் பெயருக்குக் கீழே இன்னும் இரண்டு பெயர்கள் ஏறின.

வாசலில் செருப்புச் சத்தம்.

அவர்தான். அவளுடைய செருப்புக்குப் பக்கத்திலேயே தன்னுடையதைக் கழற்றிப் போட்டார். கவனிக்கவில்லை.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த பழைய போஸ்ட்மாஸ்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்ன சார், இன்னுமா அந்தப் புஸ்தகம்? பரீட்சை கிரீட்சை எழுதப் போறீங்களா?"

"நமக்கு எல்லாமே மெதுவாத்தான் ஓடும்" என்று சிரித்தபடி தாஹிராவின் மேசைக்குப் போனார். "தேதி போட்டுரும்மா."

தாஹிரா முத்திரையைத் தொடவில்லை.

"இல்ல சார். இத வேற ஒருத்தங்க கேட்டு எழுதியிருக்காங்க. நீங்க குடுத்துட்டுப் போகணும்."

"இதையா?"

"ஆமா சார்."

"யாரும்மா அது, வேலை மெனக்கெட்டு?"

தாஹிரா பழுப்பு உறையைக் கழற்ற ஆரம்பித்தாள். ஒட்டியிருந்த டேப் சர்ரென்று உரிந்தது. கடைசிப் பக்கத்துச் சீட்டில் பத்து முத்திரைகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. பத்துக்கும் நேரே ஒரே உறுப்பினர் எண். பதினோராவது கட்டம் காலி.

பிறகு நோட்டைத் திருப்பிப் படித்தாள்.

"கனகவல்லி."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். மேலத்தெரு, கடைத்தெரு, ரயிலடி என்று வீடு வீடாகத் தேடுகிறார் என்பது பெஞ்சிலிருந்தே தெரிந்தது. ஒரு வீட்டைத் தவிர.

"எந்தக் கனகவல்லி?"

தாஹிரா நோட்டை மூடினாள். அட்டை மேலே தெரியும்படி புத்தகத்தை மேசையில் வைத்தாள்.

அவள் எழுந்தாள்.

பெஞ்சு தரையில் கிறீச்சிட்டது. போஸ்ட்மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். கணவர் இன்னும் திரும்பவில்லை.

கூடைக்குள்ளிருந்து புது உறுப்பினர் அட்டையை எடுத்தாள். மேசைவரை ஏழெட்டு அடி இருக்கும்.

மெதுவாகவே நடந்தாள்.