தீயணைக்கப் போன ரசம்

ஒரே தொழிலில் இருந்தால் வளர்ச்சி இல்லை என்று கண்டுகொண்டவர்கள் செண்பகா கேட்டரிங் கம்பெனியார். சமையலில் தொடங்கி, சலவை, பல் வைத்தியம் என்று விரிந்து, போன ஆடியில் எங்கள் ஊர்த் தீயணைப்பையும் ஏலத்தில் எடுத்தார்கள். குறை சொல்ல நான் யார்? என் பேத்தி யாழிசையின் நிச்சயதார்த்த விருந்துக்கும் அவர்களையே அமர்த்தினேன். சாப்பிட்டதும் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு.

மாப்பிள்ளை வீட்டார் சாம்பாரை முடித்து, ரசத்துக்காகச் சோற்றில் குழி பறித்துக் காத்திருந்தபோது தீயணைப்புச் சங்கு ஊதியது. தண்ணீர் லாரி சலவைப் பிரிவு வேலைக்குப் போயிருந்ததாம். பரிமாறியவர்கள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, ரச அண்டாவோடு வண்டி ஏறிவிட்டார்கள்.

"ஏனுங்க சம்பந்தி, ரசத்தக் காணோமுங்க?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"பஞ்சு மில்லுல தீயுங்க. அணைக்கப் போயிருக்குது."

"அப்ப எங்களுக்கு?"

"மோர் இருக்குதுங்க."

ரசத்தைத் தாண்டி மோருக்குப் போகச் சொன்னதை ஏழு தலைமுறைக்கான அவமானமாக எடுத்துக்கொண்டு, இலையை மூடாமலே எழுந்து போய்விட்டார்கள். யாழிசை அழுதுகொண்டிருந்தாள்.

மாலையில் கம்பெனி மேனேஜர் கரி அப்பிய முகத்தோடு வந்தார். "மன்னிச்சுக்கோணுங்க ஐயா. போன மாசம் மாப்பிள்ளை சப்ளையும் ஆரம்பிச்சிருக்கோமுங்க. உங்களுக்கு ஒருத்தர இலவசமா அனுப்பறோம்."

யாழிசை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவருக்கு வேற பிரிவுல எந்த வேலையும் இருக்கக் கூடாது."

"சத்தியமா இல்லீங்க அம்மிணி," என்றார் மேனேஜர். "செவ்வாயும் வெள்ளியும் மட்டும் இன்னொரு வீட்டுக்கு மாப்பிள்ளைங்க."