லொரீனின் கால்

சுழல்காற்று எச்சரிக்கைச் சங்கு ஊதியதும் லொரீன் கொல்லைப்புறத்து நிலவறைக்குள் இறங்கிவிட்டாள். அவள் கணவன் டுவைட் மட்டும் மேலே நின்று, கறுத்துவந்த ஓக்லஹோமா வானத்தை வேடிக்கை பார்த்தான்.

"கீழ வந்துடு டுவைட்!"

"இந்த வருஷம் ஏழு தடவை ஊதிட்டாங்க. ஒரு தடவையாவது வந்துச்சா? நீ ஒளிஞ்சுக்கோ, பயந்தாங்கொள்ளி!"

சற்று நேரத்தில் கீழே தடாலென்று சத்தம்.

"ஐயோ, என் காலு!"

டுவைட் பதறியடித்துக்கொண்டு படியிறங்கினான். "எந்தக் காலு? காட்டு!"

லொரீன் துள்ளி எழுந்து, அவனைத் தாண்டிப் போய், இரும்புக் கதவை இழுத்துத் தாழ்போட்டாள்.

"அடிப்பாவி, நடிச்சியா?" என்று அவன் கத்தியது அவனுக்கே கேட்கவில்லை. தலைக்கு மேல் ரயில் ஓடுவதுபோல் அப்படியொரு இரைச்சல்.

அது அடங்கிக் கதவைத் திறந்தபோது, வீடு இருந்த இடத்தில் வெறும் தரைதான் இருந்தது.

"வீடே போச்சே லொரீன்!"

"போகட்டும். நீ அதுக்குள்ள இல்லையே" என்றவள், அப்போதுதான் அவன் தோளில் சாய்ந்து அழுதாள்.