கிணற்றுத் தூணில் ஒட்டிய படம்

சுகாதாரப் பணியாளர் தளவாய் கிணற்றடியில் மூட்டையைப் பிரித்ததும் முதல் அடி பின்மண்டையில் விழுந்தது. ஊர்க்காரர்கள் வாளிக் கயிற்றாலேயே அவரைக் கிணற்றுத் தூணோடு சேர்த்துக் கட்டினார்கள். "காலராக் கிருமியக் கொல்லுற பிளீச்சிங் பவுடர்யா" என்று அவர் கத்தக் கத்த, முகமூடியைப் பிய்த்தெறிந்து, "நல்லதுன்னா நீயே தின்னுல" என்று அந்தத் தூளை அள்ளி வாயில் திணித்தார்கள். உதடு வெந்து, நுரையும் ரத்தமுமாக வழிந்தது. இரண்டு பற்கள் துவைகல்லில் தெறித்துக் கிடந்தன.

நான்காம் நாள் அதே துறையிலிருந்து வஹிதா வந்தாள். எழுத்துத் தெரியாதவர்களுக்கென்று அலுவலகத்தில் வரைந்து, போன வாரம் ஊரெல்லாம் ஒட்டிய காலரா எச்சரிக்கைப் படம் சனங்களுக்குப் புரிகிறதா என்று கேட்டு எழுதுவது அவள் வேலை. ஒட்டுவதற்கு முன்னால் அதை இந்த ஊரில் யாரிடமும் காட்டியதில்லை. படத்தில் முகமூடி போட்ட ஒருவன் கிணற்றுக்குள் வெள்ளைத் தூளைக் கொட்டிக்கொண்டிருந்தான். தண்ணீருக்குள் ஒரு மண்டையோடு.

கழுவி விட்டிருந்த துவைகல்லில் உட்கார்ந்து மாடத்தி வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். வஹிதா படத்தை அவளிடம் நீட்டினாள்.

"இதுல என்னக்கா தெரியுது?"

"கிணத்துல ஒருத்தன் விஷம் கலக்கான்."

வஹிதாவின் பேனா நின்றுவிட்டது. படிவத்தில் இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அதைத் தலை நிமிராமல் வாசித்தாள்.

"இதப் பார்த்தா நீங்க என்ன செய்வீங்க?"

மாடத்தி எச்சிலைத் துப்பிவிட்டுத் தூணைப் பார்த்தாள்.

"அதான் செஞ்சிட்டோம்லா, தாயி."