பெருக்கிய நிலம்

மகனுக்குப் பேசிய பெண் வீட்டார் நிலம் பார்க்க வருகிறார்கள் என்றதும், குடும்ப மானத்துக்குக் குறை வரக்கூடாதென்று வெள்ளியங்கிரி தன் மேட்டுநிலத்தைச் சருகில்லாமல் பெருக்கி, சருகை வரப்போரம் குவித்துவைத்தார்.

வரப்பில் நின்ற பெண்ணின் தகப்பன் முகம் சுளித்தார். "ஏனுங்க, வாசலாட்ட வழிச்சு வெச்சிருக்கீங்க. மண்ணு என்னத்தத் திங்கும்? இங்க எம்புள்ள எப்படிப் பொழைப்பா?"

வெள்ளியங்கிரியின் மனைவி பொன்னாத்தா சிரித்தாள். "நான் வேண்டாம்னுதான் சொன்னனுங்கண்ணா. கொஞ்சம் கிளறிப் பாருங்க."

கிளறினார். கறுத்த மண்ணோடு ஒரு மண்புழு உள்ளங்கையில் நெளிந்தது.

"இவளக் கட்டிட்டு வந்தப்ப வெறும் பாறைங்க," என்றார் வெள்ளியங்கிரி, விறைப்பாக நின்றபடியே. "எலையும் சாணியும் போட்டுப்போட்டு இவதான் மண்ணாக்குனா."

பொன்னாத்தா திரும்பிப் பார்த்தாள். இதுவரை அவர் இதைச் சொன்னதேயில்லை.

வந்தவர் புழுவை மண்ணில் விட்டு மூடினார். "வெயிலேறுது. மொதல்ல அந்தச் சருகப் பரத்துங்க, சம்பந்தி."

வெள்ளியங்கிரி சலவை வேட்டியை மடித்துக்கட்டினார்.