கீழே வைத்த கோப்பை

"அரபுக்காரர் காவாவை வாங்கி, குடிக்காம கீழ வச்சார்னா, ஒண்ணு..."

ஓமானில், சோஹாரில் ரொம்ப நாள் சமையல்காரராக இருந்த சித்தப்பா அரபுக் காப்பியைப் பற்றி எப்போதோ சொன்னது. ஒண்ணு என்ன, இல்லையென்றால் இன்னொண்ணு என்ன என்பது கார்மேகத்துக்கு மறந்தே போயிருந்தது.

இன்று காலை அவன் மனசில் இருந்தது வேறு. வேலை.

அமீரகத்தின் அல் ஐனில், லைசென்ஸ் உள்ளவர்களுக்கு வேட்டைத் துப்பாக்கி விற்கும் கடையில் அவன் சேல்ஸ்மேன். முதலாளி ஹமத் வந்ததும் விசாவை கேன்சல் செய்துவிடுவார் என்று மேனேஜர் சுரேஷ்குமார் நேற்றே சொல்லிவிட்டார்.

புதிதாக வந்திறங்கிய செமி ஆட்டோமேட்டிக் ரைபிள்களில் கோளாறு. இரண்டு மூன்று முறை சுட்டதும் வெடித்த தோட்டாவின் கூடு வெளியே வராமல் சிக்கிக்கொண்டது. வாங்கியவர்கள் ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"நீங்க சரியாத் துடைச்சு எண்ணெய் போடலை, பழகப் பழகச் சரியாயிடும்னு சொல்லி அனுப்பு" என்பது மேனேஜரின் உத்தரவு.

ஒட்டகப் பண்ணை வைத்திருக்கும் கிழவர் சயீத் போனில் கேட்டபோது கார்மேகத்தின் வாயில் அது வரவில்லை.

"உங்களது மட்டுமில்ல பாபா, எல்லாமே இப்படித்தான் இருக்கு. பக்கத்துல ஆளை வச்சுக்கிட்டுச் சுட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டான். பின்னால் நின்ற சுரேஷ்குமார் கேட்டுவிட்டார்.

"பெரிய அரிச்சந்திரன். அரிச்சந்திரனுக்குச் சம்பளம் யாரு குடுக்கிறது? முதலாளி அர்பாப்தானே?"

அடுத்த மாதம் மனைவி ஜோதிமணியும் மகளும் விசிட் விசாவில் வருவதாக இருந்தது. மகள் பாலைவனத்தில் போட்டுக்கொள்ளத் தொப்பிகூட வாங்கிவிட்டாள்.

ஹமத் வந்து உட்கார்ந்தார். கார்மேகத்தை ஏறிட்டுப் பார்த்து வாயைத் திறக்கும்போது கதவு திறந்தது.

சயீத். கையில் ரைபிள் பெட்டி.

"உன் ஆளு வந்துட்டாரு. பணத்தைத் திருப்பிக் கேக்கப்போறாரு. இதுவும் உன் கணக்குலதான்" என்று சுரேஷ்குமார் காதில் ஓதினார்.

கிழவர் சலாம் சொல்லி உட்கார்ந்தார். ஹமத் கண்ணைக் காட்ட, கார்மேகம் கூஜாவிலிருந்து காவா ஊற்றிக் கொடுத்தான். ஏலக்காய் மணந்தது. கிழவர் கோப்பையை வாங்கி, அவனை ஒருமுறை பார்த்துவிட்டு, குடிக்காமல் மேஜைமேல் வைத்தார்.

"திமிரைப் பாத்தியா. நீ ஊத்துனதைத் தொடக்கூட மாட்டேங்கிறாரு" என்றார் சுரேஷ்குமார். அவர் இந்த நாட்டுக்கு வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை.

கார்மேகத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. உண்மையைச் சொன்ன மனுஷனுக்கு இதுதானா மரியாதை?

"பெரியவரே, ஆறுது. குடிங்க" என்றார் ஹமத்.

கிழவர் அசையவில்லை. கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹமத் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பிறகு, "குடிங்க. நீங்க கேக்க வந்தது எதுவானாலும் தந்தாச்சு" என்றார்.

அப்போதுதான் சித்தப்பாவின் மிச்ச வார்த்தை கார்மேகத்துக்கு நினைவு வந்தது. 'ஒண்ணு, நீ போட்ட காவா நல்லாயிருக்காது. இல்லேன்னா அவருக்கு ஏதோ ஆகணும். தர்றேன்னு வாக்கு வாங்காம குடிக்கமாட்டாரு. வாக்குக் குடுத்துட்டா அப்புறம் மாத்தவும் முடியாது.'

கிழவர் ஒரே மடக்கில் குடித்தார். போதும் என்பதற்கு அடையாளமாகக் கோப்பையை ஆட்டி, கார்மேகத்திடம் நீட்டினார்.

"சொல்லுங்க. பணமா, வேற துப்பாக்கியா?" என்றார் ஹமத்.

"வெள்ளிக்கிழமை பேரப்பிள்ளைங்களைச் சுடப் பழக்கலாம்னு மணல்மேட்டுக்குக் கூட்டிப் போறதா இருந்தேன். இவன் சொன்னதைக் கேட்டு அவங்களை வீட்டுல விட்டுட்டு, தனியாப் போனேன். ரெண்டு தடவை சுட்டதும் கூடு சிக்கிச்சு. சேஃப்டி பூட்டைப் போட்டுத்தான் பக்கத்துல வச்சேன். அதுபாட்டுக்கு வெடிச்சுது. எதிர்ல மணல் மட்டும்தான் இருந்தது."

ஹமத் கார்மேகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"நன்றி சொல்லலாம்னு நேத்து இவனைக் கேட்டுக் கடைக்குப் போன் பண்ணினேன். உங்க மேனேஜர்தான் எடுத்தாரு. அவன் பேச்சை நம்பாதீங்க, நாளையோட அவனை அனுப்புறோம்னாரு." கிழவர் சுரேஷ்குமார் பக்கம் திரும்பக்கூட இல்லை. "இவன் இந்தக் கடையில இருக்கணும். அதுதான் நான் கேக்க வந்தது."

சுரேஷ்குமார் மெல்ல கவுண்டருக்குப் பின்னால் போய், துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

ஹமத் நெஞ்சில் கை வைத்தார். "இருப்பான்."

கிழவர் எழுந்தார். ரைபிள் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வாசலுக்கு நடந்தார். கார்மேகம் பின்னாலேயே ஓடினான்.

"பாபா, உங்க பணம்? அதைக் கேக்கவே இல்லையே?"

கிழவர் சிரித்தார். "ஒரு கோப்பைக்கு ஒண்ணுதான் கேக்கலாம் மகனே."

வெயிலில் அவருடைய வண்டி கிளம்பிப் போகிறவரை கார்மேகம் வாசலிலேயே நின்றான். உள்ளே ஹமத்துக்கும் கிழவர் சொன்னது காதில் விழுந்திருந்தது. கிழவர் விட்டுப்போன பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் கண்ணாடி அலமாரியைத் தானே திறந்தார்.

புது ரைபிள்களை ஒன்றுவிடாமல் கட்டி, அனுப்பிய கம்பெனிக்கே திருப்பச் சொன்னார். வாங்கிப்போனவர்களை எல்லாம் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிப் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பைக் கார்மேகத்திடம் கொடுத்தார். முதல் போன் சயீத்துக்கு என்றார்.