சாமி மேடையான இரும்பு மூடி

ஸ்ரீ கெம்பாங்கான் பட்டறையில் வெயில் தகரக் கூரையைச் சுடுகிறது. வெட்டு இயந்திரத்துக்குள் கை போகாமல் தடுக்கும் இரும்பு மூடிதான் இங்கே சாமி மேடை. மேலே விபூதி சிந்திக் கிடக்கிறது. மூடியில்லாமல் இயந்திரத்தை விற்கக் கூடாதென்பது சட்டம். வேலை வேகமாக நடக்க வேண்டுமென்று கிள்ளான் தொழிற்சாலைக்காரர் கேட்டதால், முதலாளி சிவநேசன் கழற்றிவிட்டுத்தான் விற்றார். இன்று காலை அந்தத் தொழிற்சாலையில் ஒரு பெண்ணின் விரல்கள் துண்டாகிவிட்டன. சாமி படத்தைத் தரையில் இறக்கிவிட்டு, சிவநேசன் மூடியைத் தூக்குகிறார்.

“சேஃப்டி ஆபிசர் ஃபேக்டரிக்கு வர்றதுக்குள்ள கொண்டுபோய் மாட்டிடலாம் லா. லோரிய எடுக்கச் சொல்லு, உஷா!”

கணக்கெழுதும் கிராணி உஷாராணி, தொழிற்சாலையோடு பேசும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

“வந்துட்டாராம், பாஸ். மூடி எங்கேன்னு கேக்கறாரு.”

மூடி நழுவி விழுகிறது. அதன்மேல் விபூதியில் சிவநேசனுடைய ஐந்து விரல்களும் முழுசாகப் பதிந்திருக்கின்றன.